பொது அறிவிப்புப் பக்கத்தை யார் வாசிப்பது?

அன்பு மக்கா,

கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லாரும் சுகம். கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்துவிட்டது, விலைதான் எப்போதும்போல. மார்த்தாண்டத்தில் உன் தெருப் பையன்கள் உள்ளூர்ச் செய்திக்கு வாட்ஸ்அப் சேனல் தொடங்கப்போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். பத்திரிகைக்கு இனி எதிர்காலம் உண்டா, இவர்கள் எங்கே தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தாய்.

முதலில் விபத்து, அருவி வெள்ளம், அடிதடி மூன்றையும் விட்டுவிடச் சொல். களியக்காவிளையில் லாரி கவிழ்ந்தால் நிருபர் போய்ச் சேருமுன் வீடியோ துபாய் வரை போய்விடுகிறது. அந்த வேலைக்கு ஆள் ஏராளம். ஆளே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் பொது அறிவிப்பை வாசிப்பது.

இதை நான் வெறுமனே சொல்லவில்லை. நம் சட்டங்கள் பல, மக்கள் பேப்பர் வாசிக்கிறார்கள் என்று நம்பி எழுதப்பட்டவை. தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்க 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஏ பிரிவில் அறிவிக்கை வரும். அதன் சாரம் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் வெளியாகவேண்டும், ஒன்று வட்டார மொழியில். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாள்தான் ஆட்சேபணைக்கு அவகாசம். அடுத்து 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசின் கைக்குப் போய்விடும், பிறகு இழப்பீட்டுத் தொகையைப் பற்றி மட்டுமே பேசலாம். 2013-ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தில் ஆட்சேபணைக்கு 60 நாள். சுற்றுச்சூழல் அனுமதிக்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றால் 2006 அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் முன்னதாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் செய்யவேண்டும். மணலும் மலையும் இருக்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது எவ்வளவு முக்கியம் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

இப்போது விளவங்கோட்டில் முப்பது வயதுக்காரன் எவன் வீட்டில் பேப்பர் போடுகிறான்? விளம்பரம் முறைப்படி வருகிறது, ஃபைலில் ஒட்டப்படுகிறது, கெடு முடிகிறது. யாரும் எதையும் மறைக்கவில்லை, ஆனால் உரிமை போய்விட்டது. இணையக் காலத்தில் ஜனநாயகத்துக்கு வந்திருக்கும் கேடுகளில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். பொய்ச் செய்தியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். வாசிக்கப்படாத உண்மையைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

ஆகவே காலை ஆறரைக்கு ஒருவன் உட்காரட்டும். நாகர்கோவில் பதிப்பு வைத்திருக்கும் தமிழ் நாளிதழ்களையும் ஓர் ஆங்கில நாளிதழையும் எடுத்து அறிவிப்புகளை மட்டும் பார்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தே வரி: எந்த வருவாய் கிராமம், எந்த சர்வே எண்கள், எதற்காக, கடைசி நாள் எது, மனுவை எந்த அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். அறிவிப்பின் படத்தை போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், பொடி எழுத்து மங்கிப்போகும். டாக்குமெண்ட்டாக அனுப்பவேண்டும். எல்லாவற்றையும் ஒரு கூகுள் ஷீட்டில் கிராமவாரியாகப் பதிந்து வைக்காவிட்டால் மூன்றாம் மாதம் ஒன்றையும் தேடி எடுக்க முடியாது.

தப்பு நடக்கும் இடம் சர்வே எண். நம் ஆட்களின் கையில் இருக்கும் பிரமாணத்தில் (பத்திரத்தில்) பழைய சர்வே எண் இருக்கும், அறிவிக்கையில் மறு அளவையில் கொடுத்த ரீ-சர்வே எண் வரும். தன் எண் இல்லை என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடுவார்கள். உட்பிரிவு எண்ணிலும் 3-க்கும் 3ஏ-க்கும் உரிமையாளர் வேறு வேறு ஆள். அதனால் தட்டச்சு செய்தவன் அல்லாமல் இன்னொருவன் எண்களை உரக்க வாசித்து ஒத்துப்பார்க்கவேண்டும். அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் அ-பதிவேட்டை (சர்வே எண்வாரியான நிலப் பதிவேட்டை) திறந்து சரிபார்க்கலாம். பட்டாவில் உள்ள ரீ-சர்வே எண்ணைத்தான் பார்க்கவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கீழே ஒரு வரி போடட்டும்.

இரண்டாவது வேலை உள்ளாட்சி. 2025 ஜனவரி 5-ஆம் தேதி நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது நினைவிருக்கும். வாசலில் போய்க் கேட்க உறுப்பினர் இல்லாத காலத்தில் கணக்கை வாசிக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பெல் என்றொரு சிறு நகரம். ஏறத்தாழ 37,000 பேர், பெரும்பாலும் கூலிக்காரர்கள். அதன் நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறக்குறைய எட்டு லட்சம் டாலர் சம்பளம் எடுத்துக்கொண்டிருந்தார். 2010-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நிருபர்கள் ஆவணங்களைக் கேட்டு வாங்கி வெளியிட்டபோதுதான் ஊருக்கே தெரிந்தது. மன்றக் கூட்டத்தில் வழக்கமாக உட்கார அங்கே ஒரு நிருபர்கூட இல்லாமல் போனதுதான் காரணம்.

நம் மாவட்டத்தில் கிராம ஊராட்சி 95. கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள் கூடவேண்டும். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்பது, மக்கள்தொகையைப் பொறுத்தது: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. பையன்கள் தலையை எண்ணட்டும். தீர்மானத்தை வாசிக்கும்போதே ஒலிப்பதிவு செய்துவிட்டு, பிறகு தீர்மானப் புத்தகத்தின் நகலை வாங்கி இரண்டையும் ஒப்பிடட்டும். பேசியது ஒன்று எழுதியது ஒன்றாக இருந்தால் அதுதான் செய்தி. பேரூராட்சிகளில் கிராமசபை கிடையாது, நமக்கோ பேரூராட்சிகள் அதிகம். அங்கே மன்றப் பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கவேண்டும்.

தகவல் உரிமை மனுவில் எல்லாரும் இடறும் இடம் கேள்வி கேட்கும் முறை. ‘ரோடு ஏன் பெயர்ந்தது?’ என்று எழுதினால், ‘அப்படி ஒரு ஆவணம் இல்லை’ என்று பதில் வரும், சட்டப்படி அது சரியும்கூட. ‘இன்ன வேலையின் மதிப்பீடு, பணி உத்தரவு, அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், பட்டுவாடா வவுச்சர், தரப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல் தருக’ என்று கேட்கவேண்டும். அளவுப் புத்தகம் என்பது செய்த வேலையை அளந்து பதியும் ஏடு. தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவில் வேலையை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரி எடுக்கவும் உரிமை உண்டு, யாரும் அதைக் கேட்பதில்லை. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இந்தத் தேதிகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் முதலிலிருந்து தொடங்கவேண்டி வரலாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவை மாற்றி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்க வழி செய்துவிட்டது. எனக்கு அதில் கடுமையான வருத்தம் உண்டு. ஆனால் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது, பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று. மனுவிலேயே அதைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்று இரண்டு வரி எழுதிவிடவேண்டும்.

வதந்தி விஷயத்தில் ஒன்றுதான் சொல்வேன். மழை வலுத்தால் ‘பேச்சிப்பாறை உடையப்போகிறது’ என்று ஏதோ ஊர் அணையின் வீடியோ வரும். பொய் வீடியோவின் மேல் ‘பொய்’ என்று எழுதித் திருப்பி அனுப்பக்கூடாது. அந்த எழுத்தை வெட்டிவிட்டு மறுபடியும் அனுப்புவார்கள். அன்றைய நீர்மட்டம் (பேச்சிப்பாறை அணைக்கு உச்சம் 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77), வரத்து, வெளியேற்றம், அளவெடுத்த நேரம், இவ்வளவையும் தனிச் செய்தியாகப் போடவேண்டும். மட்டம் மட்டும் போதாது. மூவாற்றுமுகத்திலும் குழித்துறையிலும் ஆற்றங்கரையில் இருப்பவனுக்கு எத்தனை கன அடி திறந்திருக்கிறது என்பதே தேவை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளைபிடிப்பு வதந்தியை நம்பி ஒரு முதியவளை அடித்துக் கொன்றார்களே, அதன்பிறகும் இதைச் சின்ன வேலை என்று யார் சொல்வது?

ஒக்கிப் புயலை நீ மறந்திருக்கமாட்டாய். 2017 நவம்பர் 30. தூத்தூர்க் கரையில் கடலுக்குப் போய்க் காணாமல்போனவர்கள் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கும் ஊர்க் கணக்கும் ஒத்துப்போகவில்லை. தேவாலயப் பங்குகளில் பெயர் பெயராக எழுதி வைத்ததால்தான் குடும்பங்களுக்குப் பேச ஒரு ஆதாரம் இருந்தது. கரை ஊர்களுக்கு இப்போதே ஒரு பட்டியல் வடிவம் இருக்கட்டும்: பெயர், படகின் பதிவு எண், எந்தத் துறைமுகத்திலிருந்து, என்று போனார், கடைசியாகப் பேசியது எப்போது. கொச்சியிலிருந்து போகிறவர்கள் இரண்டு மாநிலப் பட்டியலுக்கும் நடுவே விழுந்துவிடக்கூடாது.

பணம். மாதம் 50 ரூபாய் தர ஆயிரம் பேர் கிடைத்தால் 50,000. இரண்டு பேருக்கு 18,000 வீதம், பெட்ரோல் 5,000, ஸ்டாம்ப், நகல், தபால் 3,000, மீதி வக்கீல் செலவுக்கு. பிறந்தநாள் வாழ்த்து விளம்பரமும் பணம் வைத்த கவரும் தொடங்கிய நாளில் மன்றக் கூட்டச் செய்தி நின்றுவிடும், ஆகவே யார் எவ்வளவு தந்தார்கள் என்பதை மாதாமாதம் வெளியிடட்டும். ஃபேஸ்புக் பக்கத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். 2023 ஆகஸ்டில் கனடாவில் மெட்டா செய்திகளை மொத்தமாக நிறுத்தியபோது சிறு பத்திரிகைகளுக்கு வாசகரிடம் போகும் வழியே அடைபட்டது. சந்தாதாரரின் போன் எண்களைத் தனியே வைத்திருக்கவேண்டும். டீக்கடையில் மாதம் ஒரு தாள் ஒட்டுவது நல்லதுதான், ஆனால் முறையாக அச்சிட்டு வந்தால் அது பருவ இதழ், 2023 பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யவேண்டும்.

எல்லா ஒன்றியத்தையும் ஒரேயடியாகத் தொடவேண்டாம். மேல்புறம் ஒன்றியத்தில் ஐந்து ஊராட்சி போதும். எவை என்று முடிவானதும் எழுது, அளவுப் புத்தகம் கேட்கும் மனுவின் மாதிரி ஒன்றை உடனே அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்,
நாகர்கோவில்