திருப்புதல் வகுப்பில் ‘ஏன்’ கேட்க இடம் கொடுங்கள்: அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும், பாம்பன் தீவையும் சேர்த்து, பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கும் டியூஷன் எடுக்கும் அண்ணன் அக்காமார்களுக்கும் வணக்கம்.

மண்டபம் பக்கத்து ஊர் ஒன்றில் மாலை வகுப்பு நடத்துகிறேன். என்னிடம் வருகிற பிள்ளைகள் எல்லாம் பகலில் உங்கள் பிள்ளைகள்தான். அரையாண்டு முடிந்து திருப்புதல் தொடங்கியதும் அவர்கள் பையில் புத்தகத்தைவிட ஜெராக்ஸ் தாள்தான் கனக்கிறது. முக்கிய வினாக்கள், ஒரு மதிப்பெண் தொகுப்பு, சூத்திரப் பட்டியல். அவற்றைத் தயாரிக்க நீங்கள் ராத்திரி கண் விழிப்பதும், தேர்ச்சி விழுக்காடு கேட்டு மேலிருந்து வரும் நெருக்கடியும் எனக்குத் தெரியும். அதனால் எல்லாப் பாடத்தையும் மாற்றச் சொல்லவில்லை. ஒளியியல், மின்னோட்டவியல் இரண்டை மட்டுமாவது தாளைக் கொடுத்து ஒப்பிக்கச் சொல்லாமல், ‘ஏன்’ என்று கேட்டுப் பிள்ளைகளைப் பேச வைத்துத் திருப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இரண்டு பாடங்களில்தான் சூத்திரப் பட்டியலே குழப்பத்தை உண்டாக்குகிறது. நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “அக்கா, மின்தடை கூடினா மின்திறன் கூடும்னு ஒரு சூத்திரம் இருக்கு. மின்தடை கூடினா குறையும்னு இன்னொண்ணு இருக்கு. எது சரி?” ஒன்று, மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்குவது. மற்றது, மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுப்பது. இரண்டும் அவளுக்கு மனப்பாடம். இரண்டுக்கும் கணக்கும் போடுவாள். எதை எப்போது நம்புவது என்பதை யாரும் சொல்லவில்லை. பட்டியலில் அதற்கு இடமும் இல்லை.

நம் ஊர் வீடுகளிலேயே விடை இருக்கிறது. கடல் காற்றில் பிளக் பின்னும் சாக்கெட்டும் எவ்வளவு சீக்கிரம் பச்சைக் களிம்பு பூத்துவிடுகின்றன என்று பார்த்திருப்பீர்கள். 750 வாட் அயர்ன் பாக்ஸை 230 வோல்ட்டில் போட்டால் சுமார் 3.3 ஆம்பியர் ஓடும். அதன் மின்தடை ஏறக்குறைய 70 ஓம். களிம்பு பிடித்த இடத்தில் வெறும் 1 ஓம் கூடுதலாக வந்தது என்று வையுங்கள். மொத்தத்தில் 70 என்பது 71 ஆகிறது. மின்னோட்டம் பெரிதாகக் குறையாது. ஆனால் அந்த 3.3 ஆம்பியரும் அந்த 1 ஓம் வழியாகத்தான் போயாக வேண்டும். கணக்குப் போட்டால் சுமார் 10 வாட் வெப்பம், ஒரு பின்னின் முனையில். ஓர் அறைக்கே வெளிச்சம் தருகிற எல்இடி பல்பு 9 வாட்தான் என்பதை இதோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பிளக் உருகிக் கருகுவது ஏன் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அங்கே மின்னோட்டம் பொது. ஆகவே மின்தடை கூடிய இடத்தில் சூடு கூடுகிறது. இதுதான் தொடரிணைப்பு. வீட்டு வயரிங்கில் மின்விசிறி, பல்பு, டிவி எல்லாவற்றுக்கும் மின்னழுத்தம் பொது. ஆகவே மின்தடை குறைந்த சாதனம் அதிக மின்னோட்டத்தை இழுத்து அதிகத் திறன் எடுக்கிறது. இது பக்க இணைப்பு. எது பொதுவாக இருக்கிறது என்று முதலில் பார், பிறகு சூத்திரத்தை எடு. அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அதற்குப் பிறகு, 40 வாட், 100 வாட் குண்டு பல்புகளைத் தொடரில் மாட்டினால் எது பிரகாசமாக எரியும் என்று கேட்டேன். 40 வாட் பல்பின் மின்தடை சுமார் 1322 ஓம், 100 வாட் பல்பினுடையது 529 ஓம் என்று தானே கண்டுபிடித்து, “சின்ன பல்புதான்க்கா” என்று சொல்லிவிட்டு, தன் விடையை நம்ப முடியாமல் திரும்பவும் கணக்கைப் பார்த்தாள். அவள் சொன்னது சரி.

இன்னொன்றையும் வகுப்பில் சோதித்துப் பாருங்கள். தொடரில் இருக்கிற இரண்டு ஒரே மாதிரி பல்புகளில் எது மங்கலாக எரியும் என்று கேளுங்கள். “ரெண்டாவதுதான், முதல் பல்பு கரண்டை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத்தான் விடும்” என்று பாதிப் பேராவது சொல்வார்கள். டார்ச் பல்பு இரண்டை மாட்டிக் காட்டுங்கள், இடம் மாற்றியும் காட்டுங்கள். இரண்டும் ஒன்றுபோலத்தான் எரியும். 1 ஆம்பியர் என்றால் நொடிக்கு 6.25 × 10¹⁸ எலக்ட்ரான்கள் என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, அந்த எண்ணிக்கை பல்புக்குள் குறைவதில்லை, ஆற்றலை மட்டுமே அங்கே கொடுத்துவிட்டுப் போகிறது என்பது தெரியாமல் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வாட்டையும் யூனிட்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க நம் மாவட்டத்துக் கமுதியே போதும். 2016இல் அங்கே தொடங்கிய சூரிய மின்நிலையத்தின் திறன் 648 மெகாவாட். ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அது முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட்? 6,48,000. ‘திறன்’, ‘ஆற்றல்’ இரண்டுக்கும் வரையறை எழுதுவதைவிட இந்த ஒரு கணக்கு நன்றாக நிற்கும்.

ஒளியியலுக்கு வருகிறேன். என் வகுப்பில் ஒரு பையனின் அம்மா தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) பாசி எடுக்கப் போகிறவர். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் மூழ்குவார். கண்ணாடி இல்லாமல் தண்ணீருக்குள் கண் திறந்தால் எல்லாம் கலங்கித் தெரிவது ஏன் என்று கேட்டேன். “உப்பு கண்ணுல படுது” என்றான். நல்ல தண்ணீர்க் குளத்திலும் அப்படித்தானே என்றதும் யோசித்தான்.

காற்றிலிருந்து கண்ணின் விழிவெண்படலத்துக்குள் (கார்னியா) ஒளி நுழையும்போது ஒளிவிலகல் எண் 1இலிருந்து சுமார் 1.38க்குத் தாவுகிறது. கண் ஒளியைக் குவிப்பதில் பெரும்பங்கு அந்தத் தாவலில்தான் நடக்கிறது. தண்ணீரின் எண் 1.33. அதிலிருந்து 1.38க்குப் போவதில் தாவல் மிகச் சிறியது, ஒளி அங்கே கொஞ்சம்தான் வளைகிறது. விழித்திரையில் பிம்பம் விழாமல் பின்னால் போய்விடுகிறது. கண்ணாடி செய்வது, கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பதுதான். லென்சின் வலிமை அதன் வளைவில் மட்டும் இல்லை, சுற்றி இருக்கும் ஊடகத்திலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படம் காட்டும்? நம் குவிலென்சையே தண்ணீரில் போட்டால் குவியத்தொலைவு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும்.

மறுநாள் அந்தப் பையன் வந்து சொன்னான்: “அம்மாகிட்ட கேட்டேன்க்கா. பாசி கிட்டத்துல இருக்கிற மாதிரி தெரியுமாம், கையை நீட்டினா இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்குமாம்.” நான்கடி தள்ளி இருப்பது தட்டையான கண்ணாடி வழியே மூன்றடியில் தெரியும், 1.33 என்ற எண்ணின் வேலை அது என்று சேர்ந்து கணக்குப் போட்டோம். அந்த அம்மாவுக்குத் தினமும் தெரிந்த ஒன்று மகனுடைய தேர்வுத்தாளுக்குள் வர இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

ஒளிச்சிதறலும் அப்படியே. வானம் நீலம், மாலைச் சூரியன் சிவப்பு என்பதை இரண்டு வரியில் எழுதுகிறார்கள். சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம் என்றால் 400 நானோமீட்டர் ஊதா, 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறும் என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு. 1921இல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து, இது வானத்தின் எதிரொளிப்பு மட்டும்தானா என்று சி.வி. ராமன் கேட்ட கேள்விதான் 1928 பிப்ரவரி 28இல் ராமன் விளைவாகவும் 1930இல் நோபல் பரிசாகவும் முடிந்தது. வடகடலையும் தென்கடலையும் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை வரையறையாக மட்டும் கொடுப்பது அநியாயம்.

மதிப்பெண் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். லென்சின் திறன் கேட்டால் 20 செ.மீ. குவியத்தொலைவை மீட்டராக்காமல் 1ஐ 20ஆல் அப்படியே வகுத்து 0.05 டையாப்டர் என்று எழுதிவிட்டு வருகிற பிள்ளைகளை நீங்களும் திருத்தியிருப்பீர்கள். எதிர்ச் சுவரில் தென்னைமரத்தின் பிம்பத்தைத் தலைகீழாக விழ வைத்து, ஸ்கேலால் அளந்து, மீட்டரில் மாற்றி 5 டையாப்டர் என்று ஒருமுறை சொன்ன பிள்ளை அந்தத் தவறைச் செய்வதில்லை. 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் நான்கு, ஏழு மதிப்பெண் வினாக்களில் கணக்கும் கதிர்ப்படமும்தான் பிள்ளைகளைக் கீழே தள்ளுகின்றன. இரண்டுமே புரிந்தால் வருபவை.

அடுத்த திருப்புதல் தேர்வுக்கு முன்னால் இந்த இரண்டு பாடங்களுக்கும் பாடத்துக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். அன்று தாள் வேண்டாம். பிள்ளைகள் பல்பை மாட்டட்டும், கதிர்ப்படத்தைப் பென்சிலால் வரையட்டும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்துப் பேசட்டும். டார்ச் பல்பு, ஹோல்டர், பேட்டரி, 10, 20 செ.மீ. குவிலென்சுகள் எங்கள் வகுப்பில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. மண்டபம் ஒன்றியத்துக்குள் எந்தப் பள்ளி கேட்டாலும் நாங்களே கொண்டுவந்து கொடுத்து, முடிந்ததும் வாங்கிக்கொள்கிறோம்.

அன்புடன்,
மாலை வகுப்பு நடத்தும் உங்கள் முன்னாள் மாணவி