ஆட்டுக்கு உள்ள வழி ஆளுக்கும் வேண்டும்: நாய்க்கடி குறித்து மூன்று துறைச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நகராட்சி நிர்வாகத் துறை, ஊரக வளர்ச்சித் துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை ஆகியவற்றின் செயலாளர்களுக்கு வணக்கம்.

நான் ஈரோடு மாவட்டத்தின் ஒரு நகராட்சியில் குடியிருப்பவன். நீதிமன்ற ஊழியனாக முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து, சிரஸ்தாராக, அதாவது நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன். சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த என் மகள்வழிப் பெயர்த்தியை நாய் கடித்தது. எட்டு வயதுக் குழந்தை. கெண்டைக்காலில் ஆழமாக இரண்டு பல் தடம், அதற்கு மேலே சதை கிழிந்த ஒரு காயம். சட்டப் புத்தகங்களுக்கு நடுவே வாழ்நாளைக் கழித்த எனக்கே அடுத்து எங்கே போவது, யாரிடம் எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்குவது என்பது தெளிவாகப் பிடிபடப் பல நாட்கள் ஆயின. அந்த நாட்களில் கற்றுக்கொண்டதை உங்கள் முன் வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மஞ்சளும் சுண்ணாம்பும் கொண்டு வந்தார். அன்போடு கொண்டு வந்தவரைத் தடுப்பது எளிதாக இல்லை. அருகிலிருந்த அரசு மருத்துவமனையில் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி இருந்தது, இரண்டு கைகளிலும் தோலுக்குள் போட்டார்கள். ஆனால் தோலைத் துளைத்து இரத்தம் வந்த காயம், மருத்துவர்கள் கடிகளைப் பிரிக்கும் வகைகளில் மிகக் கடுமையான மூன்றாம் வகையைச் சேர்ந்தது. அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது. உடல் எடையைக் கணக்கிட்டு, இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் செலுத்த வேண்டும். அந்த மருந்து அங்கே இல்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தபோது இரவு பத்தரை மணி. தடுப்பூசி போட்டதே போதும் என்று வீடு திரும்பிவிடுபவர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அந்தப் பயணம் முழுவதும் நினைத்துக்கொண்டே போனேன். அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் தடுப்பூசியையும் இம்யூனோகுளோபுலினையும் எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7ஆம் தேதி உத்தரவிட்டிருக்கிறது. ரேபிஸ் நோய் அறிகுறி தெரிந்த பிறகு ஏறக்குறைய யாரையும் விட்டுவைப்பதில்லை என்பதை மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் காலை, நாய்க்கு உரியவர் என்று தெருவே அறிந்திருந்த வீட்டுக்குப் போனேன். கழுத்துப் பட்டையோடு அந்த வாசலில் கட்டிக் கிடந்த நாயைப் பல மாதங்களாகப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "அது எங்க நாய் இல்லீங்க, தெருவுல திரியறதுதான். பாவம்னு சோறு வெப்போம், அவ்வளவுதாங்க" என்றார். மாலையில் போய்ப் பார்த்தால் பட்டையும் இல்லை, நாயும் இல்லை. உறவினர் தோட்டத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைத்திருந்தால், அதற்கு ரேபிஸ் இருந்ததா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அந்த வாய்ப்பையும், உரிமையாளர் யார் என்பதற்கான சாட்சியையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார் அவர்.

தெருவில் சில இளைஞர்கள் நாயைத் தேடிப் பிடித்து அடித்துக் கொன்றுவிடலாம் என்றார்கள். அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று சொல்லி நிறுத்தினேன். கடித்த நாய் மீது எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனாலும், கொன்றுவிட்டால் கண்காணிக்க எது மிஞ்சும்?

காவல் நிலையத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராதபடி போதிய கவனம் எடுக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு. 2024 ஜூலை 1க்கு முன்பு இதுவே இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆம் பிரிவாக இருந்தது. அப்போது அபராதம் 1,000 ரூபாய் வரைதான். நீதிபதியின் முன் அனுமதி இல்லாமலேயே போலீசார் வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது. இருந்தும் என்னிடம் நீட்டப்பட்டது ஒரு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது வழக்குப் பதியாமல் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு. "நாய் கடிச்சதுக்கெல்லாம் எப்.ஐ.ஆர். போட்டா ஸ்டேஷன் தாங்குமாங்க ஐயா?" என்றார் எழுத்தர். அவருடைய சலிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறியபோது வழக்கும் கைதும் தாமதமின்றி நடந்தன. சட்டம் அங்கே ஒன்று, இங்கே ஒன்று அல்ல. செய்தித்தாளில் வந்த காயத்துக்கும் வராத காயத்துக்கும்தான் வேறுபாடு.

நிலையத்தில் பதிய மறுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவரை அணுகலாம். பதிந்தால் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறும் உரிமையும் அதே பிரிவில் இருக்கிறது. இது எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் தறிக்குடோனுக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு எதுவுமின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்வதும், 15100 என்ற எண்ணை அழைத்தால் வழி காட்டுவார்கள் என்பதும் கடிபட்டவர் முதலில் வந்து நிற்கும் ஊசி அறையின் சுவரில் எழுதப்படவில்லை.

நாய்க்கு உரியவர் மீது இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுக் காலக்கெடு உண்டு. அதில் வெல்ல இரண்டு விஷயம் வேண்டும்: நாய் அவருடையது என்பதற்கான சான்று, அது கடிக்கும் இயல்புடையது என்று அவர் அறிந்திருந்தார் அல்லது கவனக்குறைவாக இருந்தார் என்பதற்கான சான்று. முதலாவதற்கு நகராட்சியின் வளர்ப்பு நாய் உரிமப் பதிவேடு உதவ வேண்டும். எங்கள் நகராட்சியில் அந்த நாய்க்கு உரிமமே எடுக்கப்படவில்லை. இரண்டாவதற்கு முந்தைய கடிகளின் பதிவு உதவ வேண்டும். ஊசி போடும் இடத்தில் கடிபட்டவரின் பெயரும் ஊரும் பதிவாகின்றன, எண்ணிக்கை மேலே போகிறது. எந்தத் தெருவில், எந்த வீட்டு நாய் என்ற விவரம் நகராட்சியின் சுகாதார ஆய்வாளருக்கு வருவதில்லை. அதே நாய் மூன்று மாதத்துக்கு முன் ஒரு பால்காரரைக் கடித்திருந்ததைக் கேள்விப்பட்டு, அவரைத் தேடிப்போய் ஊசிச் சீட்டின் நகலை வாங்கினேன். இரண்டு துறைகளின் பதிவேடுகள் ஒன்றோடொன்று பேசாததால், ஓய்வு பெற்ற கிழவன் ஒருவன் சைக்கிளில் போய்ப் பேச வேண்டியதாயிற்று.

கடித்தது உண்மையிலேயே தெருநாயாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2023ஆம் ஆண்டின் விலங்கு கருத்தடை விதிகள் தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கின்றன. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், ஆனால் ரேபிஸ் உள்ளவற்றையும் ரேபிஸ் சந்தேகத்துக்குரியவற்றையும் மூர்க்கமாக நடந்துகொள்பவற்றையும் விடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று தெளிவாக்கியது. அந்தப் பொறுப்பில் தவறினால் கடமையைச் செய்ய உத்தரவிடக் கோரி கடிபட்டவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்தான். பத்தாயிரம் ரூபாய் மருத்துவச் செலவுக்காகச் சென்னைக்கோ மதுரைக்கோ போய் வழக்கறிஞர் வைப்பவர் யார்?

பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் இதற்கு ஒரு வழி காட்டியது. மாவட்டந்தோறும் குழு அமைத்து நான்கு மாதத்துக்குள் இழப்பீட்டை முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய், சதை பிய்ந்திருந்தால் 0.2 சென்டிமீட்டருக்குக் குறைந்தது 20,000 ரூபாய் என்று கணக்கும் சொன்னது. பல் தடத்தை எண்ணிக் காசு கொடுப்பதா என்று முதலில் படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. கணக்கு எவ்வளவு முரடாக இருந்தாலும், அது இருப்பதால் கடிபட்டவர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை என்பது பிறகுதான் உறைத்தது. கேரளத்தில் இழப்பீட்டு மனுக்களை விசாரிக்க 2016இல் உச்ச நீதிமன்றமே நீதிபதி சிரி ஜெகன் தலைமையில் குழு அமைத்தது.

நம் மாநிலத்தில் முன்னுதாரணம் இல்லாமலில்லை. சென்னிமலை, காங்கயம் வட்டாரத்தில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கொன்று குவித்ததும், விவசாயிகள் செத்த ஆடுகளோடு போராடியதும், அதன் பின் 2025இல் ஆடு, மாடு, கோழிகளுக்கு அரசு இழப்பீடு அறிவித்ததும் உங்களுக்குத் தெரியும். பட்டிக்காரரின் பிழைப்பே ஆடுதான். அந்த அறிவிப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆட்டுக்கு ஒரு வழி திறந்த பிறகும், நான் ஏறி இறங்கிய எந்த அலுவலகத்திலும் கடிபட்ட குழந்தைக்கென்று ஒரு விண்ணப்பப் படிவம் இல்லை.

நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்கின்படி 2024இல் நாட்டில் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. அதில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 4.80 லட்சம். இவ்வளவு பேருக்கும் நீதிமன்றத்தில் இடம் கிடையாது. ஆகவே மாவட்ட ஆட்சியர் தலைமையில், மருத்துவரும் உள்ளாட்சி அதிகாரியும் சட்டப்பணிகள் ஆணைக்குழுப் பிரதிநிதியும் உள்ள ஒரு குழுவை அமையுங்கள். முதலில் அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, நாய்க்கு உரியவர் தெரிந்தால் அவரிடமிருந்து பின்னர் வசூலித்துக்கொள்ளட்டும். நாய் துரத்தி வண்டியிலிருந்து விழுந்து கை ஒடிந்தவர் கடிபட்டவர் கணக்கிலேயே வருவதில்லை. அவரையும் அந்தக் குழு கேட்க வேண்டும். ஊசி போடும் இடத்தில் தெருவையும் நாய்க்கு உரியவரையும் பதிந்து, அதை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் உள்ளாட்சிக்கு அனுப்புங்கள். கண்காணிக்க வேண்டிய பத்து நாட்களில் ஒன்று அதற்குள் போய்விடுகிறது.

இன்னொன்று செலவே இல்லாதது. ஊசிக்கு வருபவர்களுக்கு 0, 3, 7, 28 என்று நாட்களைக் குறித்து ஒரு சீட்டுத் தருகிறார்கள். அதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள், காயத்தையும் நாயையும் படம் எடுத்து வையுங்கள், மருந்து ரசீதைத் தொலைக்காதீர்கள், காவல் நிலையத்தில் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள், இந்த எண்ணை அழையுங்கள் என்று ஐந்து வரி அதில் அச்சிட முடியும்.

எங்கள் குழந்தைக்கு 28ஆம் நாள் ஊசியும் முடிந்துவிட்டது. கடைக்குத் தனியே போக மறுக்கிறாள். வழக்கு இன்னும் சி.எஸ்.ஆர். ரசீதாகவே இருக்கிறது. அதன் நகலையும், பால்காரரின் ஊசிச் சீட்டு நகலையும் மூன்று அலுவலகங்களுக்கும் பதிவுத் தபாலில் தனியே அனுப்பியிருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.