பீரோவுக்குள் கிடக்கும் மிருதங்கம்: ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாநகராட்சி மேயர் அவர்களுக்கும், ஆணையாளர் அவர்களுக்கும், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

2012ஆம் ஆண்டு ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலிய பாடங்களுக்காக அரசுப் பள்ளிகளுக்கென 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்கள் உருவாக்கப்பட்டபோது, வாரத்துக்கு மூன்று அரைநாள் என்ற கணக்கில் பணியில் சேர்ந்த இசையாசிரியர்களுள் நானும் ஒருவன். சம்பளத்தைப் பற்றியோ பணி நிரந்தரத்தைப் பற்றியோ இங்கே எழுத வரவில்லை. என் பள்ளியின் பீரோவுக்குள் கிடக்கும் ஒரு மிருதங்கத்தைப் பற்றியே எழுத வந்திருக்கிறேன்.

அதன் வலந்தலையில், அதாவது வலப்பக்க முகத்தில், நடுவே உள்ள கரணை என்னும் கருப்புப் பூச்சு பெயர்ந்து இரண்டாண்டுகள் ஆகின்றன. புது மூட்டு (முகத்தை மூடும் தோல்) போட்டு, வார் இழுத்துக் கட்டினால் அது மறுபடியும் பேசும். அந்த வேலை தெரிந்தவருக்குக் கூலி கொடுக்கத்தான் பள்ளிக் கணக்கில் ஒரு தலைப்பு இல்லை என்று இருமுறை என்னிடம் சொல்லப்பட்டது. புதுக் கருவி வாங்க எப்போதாவது பணம் வருகிறது. வாங்கியதைப் பழுது பார்க்க ஒருபோதும் வருவதில்லை. பக்கத்திலேயே இருக்கும் ஆர்மோனியத்தின் துருத்தித் தோலை எலி கடித்துவிட்டது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆதி தாளத்தின் சொற்கட்டுகள் (வாயால் சொல்லும் தாளச் சொற்கள்) முழுவதையும் மேசையில் தட்டியே கற்றுக்கொண்டான். விரல் எங்கே விழ வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். விழுந்தால் எழும் நாதம் எப்படியிருக்கும் என்பது இன்னும் தெரியாது. இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது.

பள்ளிக்கு ஒரு கருவி வாங்கிக் கொடுத்தால் குறை தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று அளப்போம். பெண் குழந்தைகள் ஐந்து கட்டையில் பாடுவார்கள்; குரல் உடைந்த பையன்கள் ஒரு கட்டைக்கு இறங்கிவிடுவார்கள். ஒருவருக்கு உயர்ந்த ஒலி தரும் ஹெச்சு சுருதி மிருதங்கம் வேண்டும், மற்றவருக்குத் தாழ்ந்த ஒலி தரும் தக்கு சுருதி மிருதங்கம் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு இருவருக்கும் வாசிக்க இயலாது. வயலினும் அப்படித்தான். பத்து வயதுக் குழந்தைக்கு அரை அளவு வயலின் பொருந்தும், இரண்டாண்டில் முக்கால் அளவு தேவைப்படும், அதற்கடுத்து முழு அளவு. இத்தனையையும் ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியே வாங்கி வைப்பது நடக்கக்கூடிய காரியமன்று. ஆகவேதான் நகரம் முழுவதற்கும் பொதுவாக ஓர் இசைக்கருவி நூலகம் வேண்டும் என்கிறோம்: புத்தகத்தைப் போலக் கருவியையும் ஆசிரியர் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லவும், பருவம் முடிந்ததும் திருப்பித் தரவும், பழுதானால் அங்கேயே சரிசெய்யவும் ஓர் இடம். அதற்கு மாநகராட்சிப் பள்ளி வளாகம் ஒன்றில் ஈரம் படியாத ஓர் அறையும், மாதத்துக்குச் சில நாள்கள் வந்து மூட்டு மாற்றி, தந்தி கட்டி, ஆர்மோனியத்தின் ரீடு சரிபார்த்துத் தரும் கைவினைஞர் ஒருவருக்கான கூலியும் போதும். புதிதாகக் கட்டடம் எழுப்பும்படி நாங்கள் கேட்கவில்லை.

சேலத்தில் கலைக்கு இடமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம் ஆகிய ஏழும் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் அது பகலில் நடக்கும் மூன்றாண்டுப் படிப்பு; ஏழாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தை அங்கே போக முடியாது. குழந்தைகளுக்குக் கலைகள் கற்றுத்தரும், கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் இருப்பதை எத்தனையோ பெற்றோர் அறியவில்லை. இந்த இடங்களுக்கும் பள்ளி இசையாசிரியர்களுக்கும் நடுவே எந்தத் தொடர்பும் ஏற்படுத்தப்படவில்லை. ஆண்டுக்கு இருமுறை இசைப்பள்ளி ஆசிரியர்களோடு எங்களை ஒரே அறையில் உட்கார வைத்தாலே எங்கள் பாடம் சொல்லும் முறை மாறும்.

அதைவிடப் பெரிய செல்வம் நம் கூத்துக் கலைஞர்கள். சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்திலும் பொம்மலாட்டத்திலும் மிருதங்கமும் முகவீணை என்னும் சிறு ஊதுகருவியும் ஆர்மோனியமும் தாளமும் கேட்கின்றன. திருவிழாக் காலம் முடிந்ததும் அக்கலைஞர்களுள் பலர் கூலி வேலைக்குப் போகிறார்கள். அந்த மாதங்களில் அவர்களை உரிய மதிப்பூதியத்துடன் பள்ளிகளுக்கு அழைக்க வேண்டும். விழா மேடையில் பத்து நிமிடம் ஆடவிட்டுச் சால்வை போர்த்தி அனுப்புவதற்காக அல்ல, வகுப்பில் அமர்ந்து குழந்தைகளுக்கு அடவும் பாட்டும் சொல்லிக் கொடுப்பதற்காக.

ஏற்காடு மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளையும் இத்திட்டத்தில் சேர்க்க வேண்டுமென முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களைத் தனியே கேட்டுக்கொள்கிறேன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கலைத்திருவிழாப் போட்டி என்றால் அந்தப் பிள்ளைகள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நகருக்கு இறங்கி வருகிறார்கள். மலையின் பனியில் தோல் தொய்ந்துவிடும் என்பதால், அங்கே போகும் தோற்கருவிகளுக்கு உறையும் அடிக்கடி பராமரிப்பும் தேவை.

முதல் வேலையாக, எந்தப் பள்ளியில் என்ன கருவி எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். அதற்கு ஊதியம் வேண்டாம். விடுமுறை நாள்களில் நானே பள்ளி பள்ளியாகச் சென்று எழுதித் தருகிறேன், உடன்வர ஆசிரியர்கள் சிலரும் இசைந்திருக்கிறார்கள். ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் அந்த ஓர் அறையை ஒதுக்கித் தந்தீர்களானால், அடுத்த கலைத்திருவிழாவுக்கு முன்பே அந்த மாணவனின் கையில் மூட்டு மாற்றிய மிருதங்கத்தைக் கொடுத்துவிட முடியும்.

இங்ஙனம்,
பகுதிநேர இசையாசிரியர் ஒருவர்,
சேலம்