வேர் சிகிச்சை: பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல்லுக்குள் கெட்டுப்போன நரம்புத் திசுவை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து அடைக்கும் பல் வேர் சிகிச்சையை (ரூட் கெனால்) பற்றி மக்களிடம் இரண்டு பேச்சுகள்தான் உலவுகின்றன. ஒன்று, "உயிர் போய் உயிர் வந்தது" என்பது. இன்னொன்று, விளம்பரங்களில் வரும் "வலியே இல்லாத சிகிச்சை" என்பது. முதல் பேச்சை நம்புகிறவர், சீழ் கட்டி முகம் வீங்கும்வரை வீட்டிலேயே இருந்துவிடுகிறார். இரண்டாவதை நம்புகிறவர், சிகிச்சை முடிந்த மறுநாள் பல்லில் பல் பட்டதும் சுரீரென்று வலிக்க, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பதறிப்போகிறார். எந்தக் கட்டத்தில் எந்த மாதிரி வலி வரும், எத்தனை நாள் இருக்கும், எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கவே கூடாது என்று யாரும் முன்கூட்டியே சொல்லிவைப்பதில்லை. அதை எழுதவே இந்தக் கடிதம்.

உயிர் போகிற வலி என்று பலர் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் சிகிச்சைக்கு முந்தைய நாட்களின் வலி. பல்லின் நடுவே பற்கூழ் இருக்கிறது. நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த மென்மையான திசு. உடம்பில் வேறு எங்காவது வீக்கம் வந்தால் தோல் கொஞ்சம் விரிந்துகொடுக்கும். பற்கூழுக்கு அந்த வசதி இல்லை, சுற்றிலும் கல் போன்ற சுவர். சொத்தை வழியாகக் கிருமி இறங்கிக் கூழ் வீங்கும்போது உள்ளே அழுத்தம் ஏறி, நரம்பு விண் விண் என்று தெறிக்கிறது. படுத்தால் தலைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் இரவில்தான் உக்கிரம். குளிர்ந்த தண்ணீர் பட்ட கூச்சம் சில நொடிகளில் அடங்காமல் அரை நிமிடத்துக்கு மேல் நின்று வலித்தால், அந்தக் கூழ் இனிப் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. சிலருக்கு இந்தத் தெறிப்பு ஒருநாள் தானாகவே நின்றுவிடும். சரியாகிவிட்டது என்று அவர்கள் நினைப்பதுதான் வேதனை. பெரும்பாலும் உள்ளே நரம்பு செத்துவிட்டது என்பதே அதற்குப் பொருள். அடுத்து வேர் நுனியைச் சுற்றிய எலும்பில் புண் பரவும். அப்போது நாக்கு பட்டாலே பல் வலிக்கும்.

இனி சிகிச்சை நாள். முதலில் ஈறில் மரப்பு ஜெல் தடவி ஓரிரு நிமிடம் விடுவார்கள். அதன்பிறகு ஊசி குத்தும்போது மேலோட்டமான சுருக்குதான் தெரியும். ஊசியில் உண்மையாக வலிப்பது முனை அல்ல, மருந்து திசுவைத் தள்ளிக்கொண்டு போகும் வேகம். ஒரு குப்பியில் சுமார் 1.8 மில்லி மருந்து இருக்கும். அதை ஒன்றரை, இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாகச் செலுத்தினால் வலி வெகுவாகக் குறையும். மருந்தோடு அட்ரினலின் கலந்திருந்தால் சிலருக்கு ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடக்கும். அது ஒவ்வாமை அல்ல, தானாக அடங்கும். ஆனால் இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

மேல் பற்களுக்குப் பல்லருகே போடும் ஊசி மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் கதை வேறு. அங்கே எலும்பு கெட்டியானது என்பதால், தாடைக்குள் நரம்பு நுழையும் இடத்திலேயே ஊசி போட்டு முழு நரம்பையும் மரக்கடிக்க வேண்டும். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டு ஐந்தாவது நிமிடத்தில் துளைக்கத் தொடங்கினால் வலிக்கத்தான் செய்யும்.

பெரிய தடுமாற்றம் நேர்வது இங்கேதான். உதடு தடித்து, பாதி முகமே இல்லாததுபோல் இருக்கும். ஆனால் பல் மரத்திருக்காது. பல நாள் தெறித்துக்கொண்டிருந்த கீழ்க் கடைவாய்ப் பல்லில் இது சர்வ சாதாரணம். அழற்சியில் கிடந்த நரம்பு இழைகள் எளிதில் கிளர்ந்தெழும்படி மாறியிருக்கும். புண்பட்ட திசுவின் அமிலத்தன்மை மருந்தின் வீரியத்தையும் குறைக்கும். சிலருக்கு அந்தப் பல்லுக்கு வேறொரு கிளை நரம்பும் வந்து சேர்ந்திருக்கும். ஆகவே "உதடு மரத்துவிட்டதா?" என்ற கேள்வி மட்டும் போதாது. துளைக்கும் முன் ஒரு சிறு பஞ்சு உருண்டையில் குளிர் ஸ்ப்ரே அடித்துப் பல்லின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சில்லென்று துளியாவது உறைத்தால் பல் இன்னும் விழித்திருக்கிறது. இந்தப் பரிசோதனையை நோயாளியே கேட்டு வாங்கலாம், அதில் தவறே இல்லை.

மரக்கவில்லை என்றால் வழிகள் இருக்கின்றன. கன்னப் பக்க ஈறில் ஆர்ட்டிகைன் என்ற மரப்பு மருந்து ஊசி, பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள நாரில் ஊசி, எலும்புக்குள் ஊசி என்று ஒன்று போதாவிட்டால் அடுத்தது. எல்லாம் செய்தும் கூழைத் தொடும்போது வலித்தால், கூழுக்குள்ளேயே நேரடியாக ஒரு சொட்டு மருந்தை அழுத்திச் செலுத்துவார்கள். அது மட்டும் சில நொடி கடுமையாக வலிக்கும், பிறகு உடனே முற்றிலும் மரத்துவிடும். "இப்போது ஐந்து நொடி வலிக்கும், அதோடு முடிந்தது" என்று சொல்லிவிட்டுச் செய்வதற்கும், சொல்லாமல் செய்வதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. சொல்லாமல் செய்த அந்த ஐந்து நொடிதான் ஊரெல்லாம் கதையாகப் பரவுகிறது. சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்பு இப்யூபுரோஃபன் என்ற வலி மாத்திரையை எடுத்துக்கொள்வது இத்தகைய பற்களில் ஊசி நன்றாகப் பிடிக்க உதவுகிறது. ஒத்துக்கொள்ளும் உடம்பா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுக்கலாம்.

மரத்தபின் தெரிவது அழுத்தம், அதிர்வு, வாயைத் திறந்தே வைத்திருக்கும் அலுப்பு. பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு போட்டு ஒரு கவ்வியால் பிடித்திருப்பார்கள். அது ஈறைக் கவ்வும் இறுக்கம் உணரப்படும். உதட்டோரம் ஒரு சிறு கொக்கி மாட்டி, 'பீப்' என்று ஒலிக்கும் கருவியால் வேரின் நீளத்தை அளப்பார்கள். அதில் மின்சாரம் அடிக்குமோ என்று பயப்பட வேண்டாம். பிளீச்சிங் பவுடர் வாசனை வருவது வேருக்குள் விடும் கழுவு மருந்து. அந்தச் சுவை தொண்டையில் இறங்கினால் உடனே இடது கையைத் தூக்குங்கள். கூர்மையாக வலித்தாலும் அப்படியே. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது நம்மில் பலருக்கு ஊறிப்போன பழக்கம். இந்த நாற்காலியில் அது வேண்டாம். வலியோடு பொறுத்தவர் அடுத்த அமர்வுக்கு வருவதில்லை; பாதியில் நிற்கும் வேர் சிகிச்சை, தொடங்காத சிகிச்சையைவிட மோசம்.

இரண்டாம் அமர்வில் "நரம்பை எடுத்தாயிற்றே, ஊசி எதற்கு?" என்று கேட்கிறார்கள். பல்லுக்குள் இருந்த நரம்பைத்தான் எடுத்தது. வேருக்கு வெளியே, பல்லை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நார்த்திசுவில் நரம்பு உயிரோடுதான் இருக்கிறது. சிகிச்சைக்குப் பின்னால் வரும் வலியெல்லாம் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

அந்தப் பிந்தைய வலியைச் சொல்கிறேன். மரப்பு இறங்க மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். அதுவரை மெல்ல வேண்டாம். உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொண்டு மறுநாள் அந்தப் புண்ணோடு வருகிறவர்கள் உண்டு, குழந்தைகளிடம் மிகுதி. மரப்பு இறங்கியதும் மந்தமான வலி எழும். முதல் 24 மணி நேரத்தில்தான் உச்சம். இரண்டு, மூன்று நாளில் நன்றாகக் குறைந்து, கடிக்கும்போது மட்டும் தெரியும் நோவாக மாறி, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். வேரைச் சுத்தம் செய்யும்போது நுனி வழியாகத் துளித் துகள் வெளியே தள்ளப்படுவதும், கருவி நுனியைத் தொடுவதும் நார்த்திசுவைப் புண்ணாக்குகின்றன. கைகாலில் சுளுக்கு ஏற்பட்டால் மூட்டு நோவதைப் போலத்தான் இது. சிகிச்சைக்கு முன்பே அதிகம் வலித்த பல்லுக்குப் பின்பும் கூடுதலாக வலிக்கும். இங்கே பார்க்க வேண்டியது வலி எவ்வளவு என்பதைவிட, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை. நேற்றைவிட இன்று குறைவு என்றால் நல்ல வழியில் போகிறது. மூன்றாம் நாள் முதல் நாளைவிடக் கூடினால் காத்திருக்க வேண்டாம்.

கடித்தால் மட்டும், அதுவும் அந்த ஒரு பல் மட்டும் மற்றவற்றுக்கு முன்பே முட்டுவதுபோல் இருந்து வலித்தால், காரணம் பெரும்பாலும் மிகச் சிறியது: அடைப்பு உயரமாக இருக்கிறது. மரத்த வாயோடு கடித்துப் பார்க்கும்போது நோயாளிக்கு உயரம் தெரியாது. ஒரு தாளின் தடிமன் கூடியிருந்தாலே, ஒவ்வொரு முறை வாய் மூடும்போதும் நொந்துபோன நார்த்திசுவில் அந்தப் பல் சம்மட்டிபோல் இறங்கும். மாத்திரையால் இது தீராது. திரும்பப் போய், நிறத்தாளைக் கடித்து, அழுந்தப் பதிந்த புள்ளியை லேசாகத் தேய்த்துவிட்டால் பலருக்கு அன்று இரவே நிம்மதி. ஐந்து நிமிட வேலைக்காகத் தொந்தரவு செய்வதா என்று கூச்சப்பட்டு இரண்டு வாரம் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

மாத்திரையை வலி ஏறியபின் தேடுவதைவிட, மரப்பு இறங்கும் முன்பே முதல் வேளையைப் போட்டுக்கொள்வது நல்லது. உடல்நலமுள்ள பெரியவருக்கு இப்யூபுரோஃபன் 400 மில்லிகிராமும் பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் சேர்த்து உணவுக்குப் பின், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி விட்டு, முதல் ஓரிரு நாள் எடுப்பது தனித்தனியே எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். 24 மணி நேரத்தில் இப்யூபுரோஃபன் மூன்று வேளைக்கு மேல் வேண்டாம். பாராசிட்டமால் எல்லாக் கணக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டவே கூடாது. சளி மாத்திரைக்குள்ளும் அது ஒளிந்திருக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரையால் மூச்சிரைக்கும் ஆஸ்துமா, ரத்தம் உறையாமலிருக்க மருந்து, கர்ப்பம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இப்யூபுரோஃபன் தானாக எடுக்கக் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் பாராசிட்டமால் அளவையும் கேட்டே எடுக்க வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம், ஈறு வெந்துபோகும்.

ஆன்டிபயாடிக்கைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "வலிக்கிறது, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எழுதிக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. அது வலி மருந்து அல்ல. கூழ் செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. மாத்திரை அங்கே எப்படிப் போய்ச் சேரும்? உடனடியாகப் பல் சிகிச்சை கிடைக்கும் நிலையில், பெரும்பாலான பல்வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கூறுகிறது. காய்ச்சலும் பரவும் வீக்கமும் இருந்தால் அது வேறு.

ஒரு சிலருக்கு, எல்லாம் சரியாகச் செய்தும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கடுமையான வலியும் வீக்கமும் வரும். இதனால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று ஆகாது. பல்லைத் திறந்து அழுத்தத்தை இறக்கி, மறுபடி கழுவி, மருந்து வைத்தால் அடங்கும். ஆனால் வீக்கம் கண் பக்கமோ தாடைக்கு அடியிலோ பரவினால், வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், நேரம் பார்க்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். உதட்டு மரப்பு மறுநாளும் இறங்காவிட்டால் உடனே தெரிவிக்க வேண்டும்.

நீண்ட நேரம் வாய் திறந்திருந்ததால் தாடைத் தசை சில நாள் இறுகி நோகும். ஊசியால் மெல்லும் தசையில் காயம் பட்டாலும் இதேதான். வெதுவெதுப்பான ஒத்தடமும் மெல்லத் திறந்து மூடும் பயிற்சியும் போதும். பல்லின் மேல் பழி போட வேண்டாம்.

வாரங்கள் கழித்தும் தொடரும் வலிக்குத் தனித்தனி அடையாளம் உண்டு. குளிர்ச்சி பட்டால் கூசுகிறது என்றால், ஒழுங்காக வேர் சிகிச்சை செய்த பல்லால் குளிர்ச்சியை உணரவே முடியாது. பக்கத்துப் பல்லாக இருக்கலாம், அல்லது வேருக்குள் ஓடும் கால்வாய்களில் ஒன்று சுத்தம் செய்யப்படாமல் விடுபட்டிருக்கலாம். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் கண்ணுக்கு எளிதில் அகப்படாத நான்காவது கால்வாய் ஒன்று அடிக்கடி இருக்கும். கடிப்பதைவிடக் கடித்து விடும்போது சுருக்கென்றால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். வலி போனதும் கேப் போடாமல் விட்ட கடைவாய்ப் பல்லில் அது நேர்வதைப் பார்க்கையில் மனம் வருந்துகிறது. வேர்வரை பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

மருத்துவரை அழைக்கும்போது "வலிக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. தானாக வலிக்கிறதா, கடித்தால் மட்டுமா. நேற்றைவிடக் கூடியதா, குறைந்ததா. வீக்கமோ காய்ச்சலோ உண்டா. எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, கேட்டதா கேட்கவில்லையா. தற்காலிக அடைப்பு விழுந்துவிட்டதா. இவ்வளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு அழையுங்கள்.

இப்படிக்கு,
பல் வேர் சிகிச்சை மருத்துவர் ஒருவர்