ஒரே குழாயில் ரயிலும் லாரியும்: நீளத்தையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அசாமில் கோபூருக்கும் நுமாலிகருக்கும் இடையே பிரம்மபுத்திராவின் அடியில் திட்டமிடப்படும் சாலை-ரயில் சுரங்கத்தை ஒட்டி, ஒரே குழாய்க்குள் தண்டவாளத்தையும் சாலையையும் வைத்துவிட்டு, ரயில் வரும்போது மட்டும் வாகனங்களை நிறுத்தினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். முடியாத காரியமல்ல. அலாஸ்காவில் விட்டியர் என்ற சிறு துறைமுக ஊருக்குப் போகும் ஆன்டன் ஆண்டர்சன் நினைவுச் சுரங்கம் 2000 ஜூன் முதல் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அது எதனால் ஓடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது ரயிலுக்காக மட்டும் குடைந்த சுரங்கம் அது. நீளம் சுமார் 4 கி.மீ., ஒற்றைத் தடம். சாலையாக்கும்போது தண்டவாளத்தின் மேல்மட்டம் வரை கான்கிரீட் பலகைகளைப் பதித்து, ரயில் சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்கு உட்பக்கம் மட்டும் பள்ளம் விட்டார்கள். தண்டவாள இடைவெளி 1,435 மி.மீ.; காரின் இருபக்கச் சக்கரங்களும் ஏறக்குறைய அதே அகலத்தில்தான் இருக்கின்றன. அதனால் டயர் இரும்பின் மேலேயே உருள நேரிடும். ஈரமான இரும்பில் பிடிப்பு குறைவு. வேக வரம்பு மணிக்கு 40 கி.மீ. மட்டுமே. பள்ளத்தில் சக்கரம் சிக்கும் அபாயம் இருசக்கர வண்டிகளுக்குத்தான் அதிகம். சைக்கிளுக்கும் நடந்து போவோருக்கும் அனுமதியே இல்லை.

ஒவ்வொரு திசைக்கும் மணிக்கு ஒருமுறை, சுமார் கால் மணி நேரம்தான் வாயில் திறக்கும். உள்ளே விடும் வாகனங்களுக்கிடையே 30 மீட்டர் இடைவெளி. கடைசி வண்டி வெளியேறியது உறுதியான பிறகே எதிர்த்திசைக்கோ ரயிலுக்கோ பச்சை விளக்கு. இடைப்பட்ட நேரத்தில் ஜெட் விசிறிகள் புகையைத் தள்ளி வெளியேற்றுகின்றன. எல்லா வண்டிகளும் ஒரே திசையில் போவது தீ விபத்திலும் உதவும்: புகையை முன்னோக்கித் தள்ளினால் முன்னால் போனவர்கள் ஓட்டிக்கொண்டே தப்பிவிடலாம், பின்னால் நிற்பவர்களுக்கு நல்ல காற்று கிடைக்கும். எரியக்கூடிய சரக்கு என்ற எச்சரிக்கைப் பலகை உள்ள லாரிகளுக்கு அங்கே இடமில்லை. நுமாலிகர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் உள்ள ஊர் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இனி நீளத்துக்கு வருவோம். நான்கு கி.மீ. சுரங்கம் ஆறேழு நிமிடத்தில் காலியாகிவிடும். பிரம்மபுத்திரா சுரங்கமோ 15 கி.மீ.க்கு மேல். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போனாலும் கடைசி லாரி வெளியேற 15 நிமிடம். அதன் வாலைப் பிடித்தாற்போல் ரயிலை விட முடியாது. நிறைபாரச் சரக்கு ரயில் பிரேக் போட்டு நிற்க ஒரு கி.மீ. அளவுக்குத் தூரம் வேண்டும். அதே வேகத்தில் ரயில் கடக்க இன்னொரு 15 நிமிடம். ஆக ஒரு ரயிலுக்கு அரை மணி நேரச் சாலை அடைப்பு. நாளைக்குப் பத்து ரயில் என்றால் ஐந்து மணி நேரம். உள்ளே ஒரே ஒரு லாரி பழுதாகி நின்றாலும் இரண்டு போக்குவரத்தும் சேர்ந்தே முடங்கும்.

விட்டியர் பாதையில் ஓடுவது டீசல் ரயில். நம் பாதையில் தலைக்கு மேல் 25,000 வோல்ட் மின்கம்பி இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, கம்பியை நிலத்தோடு இணைத்த பிறகுதான் மீட்பு கிரேன் கையை உயர்த்த முடியும். அதற்கான நேரம் தனி.

டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் பாதையில் ஒரு பகுதியான டிராக்டன் சுரங்கமும் 2000-இல்தான் திறக்கப்பட்டது. அதில் சாலைக்கு இரண்டு, ரயிலுக்கு இரண்டு எனத் தனித்தனிக் குழாய்கள்; சாலைக் குழாய்களுக்கு நடுவே தப்பிச் செல்ல ஒரு வழி. சீனாவின் ஊகான் நகரில் யாங்சி ஆற்றின் கீழ் 2018-இல் திறந்த சுரங்கத்தில் மேல்தளம் சாலை, கீழ்த்தளம் மெட்ரோ. எதிலும் ஒன்றுக்காக மற்றொன்று காத்து நிற்பதில்லை.

தனிக் குழாயிலும் ஒரு செலவு தவிர்க்க முடியாதது: சரிவு. முப்பது மீட்டர் ஆழம் இறங்க, 100-க்கு 1 சரிவில் ரயிலுக்கு 3 கி.மீ. வேண்டும், 20-க்கு 1 சரிவில் லாரிக்கு 600 மீட்டர் போதும். குழாய்கள் தனியாக இருந்தாலும் இரண்டையும் ஒரே அமைப்பாகச் சேர்த்துக் கட்டினால் சாலையும் ரயிலின் நீளத்துக்கு இழுபடும். சேர்த்துக் கட்டுவதால் மிச்சம் என்று காட்டப்படும் தொகையில் இதைக் கழித்தார்களா?

ஒரே குழாய்தான் என்று முடிவானால், நாளொன்றுக்கு எத்தனை ரயில், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் சாலை அடைபடும், பெட்ரோல் டேங்கர்கள் எந்த வழியில் போகும் என்ற மூன்றையும் ஒப்பந்தப்புள்ளிக்கு முன்பே அரசு வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்பாதைப் பொறியாளர்,
பொன்மலை, திருச்சி.