மண்ணீரல் வேறு, அரைவைப்பை வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பறவைகளின் செரிமானம் பற்றி வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கல்லைப் போட்டு இரையை அரைக்கும் உறுப்பை மூன்று இடத்தில் ‘மண்ணீரல்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். மண்ணீரல் ரத்தத்தோடு சம்பந்தப்பட்டது, செரிமானத்தில் அதற்கு வேலை கிடையாது. இது அரைவைப்பை. கறிக்கடையில் ஈரலோடு சேர்த்துப் போடுவார்களே, கடித்தால் நறுக்கென்று இருக்குமே, அதேதான்.

முப்பது வருஷம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள், சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் மாடப்புறாவை அறுத்துக் காட்டுவோம். அரைவைப்பையைப் பிளந்ததும் பொடிக்கற்கள் தட்டில் சலசலவென்று கொட்டும், உள்ளே மஞ்சளும் பச்சையுமாக ஒரு தோல், நகத்தால் நெம்பினால் உரிந்து வரும். அது நம் தோல் மாதிரி செல் அடுக்கு இல்லை. ஸ்லைடு போட்டுப் பார்த்தால் கீழே சோதனைக்குழாய்களை நெருக்கி அடுக்கியதுபோல் சுரப்பிகள் நிற்கும், அவை கசியவிடும் புரதம்தான் இறுகிக் காய்ப்பு மாதிரி ஆகிவிடுகிறது, மேலே தேயத் தேயக் கீழிருந்து ஊறும். அந்த மஞ்சள், பித்தநீர் குடலிலிருந்து பின்னோக்கி ஏறிவந்து ஏற்றிய சாயம். வெளியே சுற்றியிருப்பது குடலில் உள்ள அதே வரியற்ற தசைதான், ஆனால் குடல் வெளுப்பு, இது கருஞ்சிவப்பு, தசைக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதம் அவ்வளவு.

அமிலம் இங்கே சுரப்பதில்லை, இதற்கு முன்னால் உள்ள சுரப்பி இரைப்பையில் சுரக்கிறது. நமக்கு அமிலத்துக்கு ஒரு செல், புரதத்தைச் செரிக்கும் பெப்சினுக்கு வேறு செல். பறவைக்கு ஒரே செல் இரண்டையும் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், ‘எல்லாப் பறவைக்கும்’ இப்படி அரைக்கும் உறுப்பு உண்டு என்று எழுதியது சரியில்லை. பருந்துக்கு அரைவைப்பை வெறும் மெல்லிய பை, அரைக்க அங்கே என்ன தானியமா இருக்கிறது? கூகைக்கும் அப்படித்தான், பருந்தைவிட அமிலம் குறைவு என்பதால் எலும்பு கரையாமல் ரோமத்தோடு உருண்டையாக வாய்வழியே வெளியே வந்துவிடும். எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியடியில் கிடந்த ஒன்றை ஊறவைத்துப் பிரித்தேன், எலி மண்டையோடு பல்லோடு முழுசாக இருந்தது. பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை இன்னும் ஒரு படி மேலே, வலசை கிளம்புமுன் அரைவைப்பையையே சுருக்கிக்கொள்ளும், கடல் தாண்டும்போது வீண் சுமை எதற்கு என்பதுபோல.

சரி, அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டுகிறார்கள்.

– ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை, மேற்கு மாம்பலம், சென்னை – 33