சிச்சிபு குகையில் ஓர் ஏணி: பயண நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

எங்களை ஜப்பானுக்கு அழைத்துச் சென்ற பயண நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஏப்ரலில் உங்களோடு வந்த குழுவில் நானும் என் அம்மாவும் இருந்தோம். ஜப்பானின் சிச்சிபு மலைப்பகுதியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். போனில் இரண்டு முறை சொல்லிவிட்டேன். "பார்க்கிறோம் மேடம்" என்பதோடு சரி. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நீங்கள் கொடுத்த பயணத் தாளில் ஹஷிதாத்தே கோயிலுக்கு நேரே, "கோயிலை ஒட்டிய சிறிய சுண்ணாம்புக் குகை, 20 நிமிடம்" என்று ஒரு வரி இருந்தது. சிறியதுதான், சுமார் 140 மீட்டர் நீளம். ஆனால் அது செங்குத்தாக மேலே போகும் குகை. குனிந்து உள்ளே நுழைந்து, பாறை இடுக்கில் உடம்பை ஒடுக்கி, ஏணி ஏணியாக ஏறி, மலைச்சரிவில் வேறொரு வாய் வழியாக வெளியே வர வேண்டும். ஏற்றம் மட்டும் ஏறக்குறைய பத்து மாடி உயரம். உள்ளே படம் எடுக்கத் தடை என்பதால், கிளம்பும் முன் நாங்கள் பார்த்த படங்களில் ஏணியே இல்லை. உங்கள் தாளை நம்பித்தான் போனோம்.

அம்மாவுக்கு வயது 67. இரண்டு முட்டியிலும் தேய்மானம். முன்பதிவுப் படிவத்திலேயே அதை எழுதிக் கொடுத்திருந்தேன்.

பாதி ஏணியில் அம்மா நின்றுவிட்டார். புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தார். கம்பியெல்லாம் ஈரம். வலது காலை மேல்படியில் வைத்துவிட்டார், உடம்பைத் தூக்க முட்டி ஒத்துழைக்கவில்லை. கீழ்ப்படியில் நின்று அவருடைய இடது குதிகாலை என் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் வெள்ளை மேலாடை அணிந்த ஜப்பானிய யாத்திரிகர் ஒருவர் பேசாமல் காத்திருந்தார். அவருக்கும் பின்னால் நம் குழுவினர் ஆறேழு பேர். திரும்பவும் வழியில்லை. "எல்லாருக்கும் வழிய மறிச்சுக்கிட்டு நிக்கிறேனே" என்றார் அம்மா. வலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்கள் வழிகாட்டி அப்போது வெளியே, டிக்கெட் வாங்கும் இடத்தில் நின்றிருந்தார்.

குகையின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஏற முடிந்தவர்களுக்கு அது அற்புதமான இடம். ஏணி இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அம்மா அங்கே வந்ததே குகைக்காக அல்ல. அந்தக் கோயிலின் மூலவர் பாத்தோ கன்னோன்; கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் குதிரைத்தலை வடிவம், வடமொழிப் பெயர் ஹயக்ரீவர். அம்மா கடலூர்க்காரர். என் ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால் திருவந்திபுரம் மலைக்குக் கூட்டிப்போய் ஹயக்ரீவர் முன் நிறுத்தியவர். பெருமாளும் பௌத்த தெய்வமும் வேறு வேறு என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பெயர் கடல் தாண்டிப் போயிருக்கிறதே என்று பார்க்க ஆசைப்பட்டார். ஜப்பானியரின் பன்னிரண்டு விலங்கு ஆண்டுச் சுழற்சியில் 2026 குதிரை ஆண்டு. சிச்சிபுவின் 34 கன்னோன் கோயில்களும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூலவர் தரிசனத்துக்குத் திறக்கும் ஆண்டு. குகையை விட்டு வெளியே வந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றீர்கள். அம்மா படிக்குக் கீழே நின்று கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினார். அடுத்த குதிரை ஆண்டு 2038. அப்போது அவருக்கு 79 வயது.

"பெற்றோருக்கு உலகத்தைக் காட்டுங்கள்" என்று விளம்பரம் செய்கிறீர்கள். நீங்கள் மட்டுமல்ல, இந்தத் தொழிலில் எல்லோரும்தான். அந்தப் பெற்றோர் எத்தனை படி ஏற வேண்டும், எங்கே உட்காரலாம் என்று ஒருவரும் எழுதுவதில்லை. வாழ்நாள் சேமிப்பில் வருபவர்களை மணி பார்த்து விரட்டுகிறீர்கள்.

மன்னியுங்கள், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. பயணத் தாளில் குகைக்குள் செங்குத்தான ஏணிகள் உண்டு என்று எழுதுங்கள். டிக்கெட் வாங்கும் முன் ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏற முடியாதவர்கள் கோயிலிலேயே இருந்து நிதானமாகக் கும்பிட நேரம் கொடுங்கள்.

அக்டோபர் குழுவுக்கு முன்பதிவு தொடங்கிவிட்டது. தாளில் இன்னும் அதே வரிதான் இருக்கிறது. அவர்கள் கிளம்புவதற்குள் தயவுசெய்து அதை மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களோடு வந்த ஒரு மகள்